'சும்மாதான் இருக்கேன்' என்ற பதிலை எந்தக் கட்டத்தில் போடுவது?

"வேலை செய்றீங்களா?" என்பது எங்கள் வினாப்பட்டியலில் பதினான்காவது கேள்வி. பதிலுக்கு இரண்டே கட்டங்கள்: ஆம், இல்லை.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். நான் இதைக் கேட்டபோது, நனைந்துபோன படுக்கை விரிப்பை ஒரு கையில் சுருட்டிப் பிடித்தபடி, இன்னொரு கையால் கட்டிலில் இருந்த மாமியாரை ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். "வேலையா? இல்லம்மா, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்றார். 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

நடைமுறைப்படி நான் செய்ததில் பிழை இல்லை. கேள்வியை எழுதியிருந்தபடியே கேட்டேன், வந்த பதிலை அப்படியே பதிந்தேன். பயிற்சியில் சொல்லித் தந்ததும் அதுதான். ஆனால் நாங்கள் செய்துகொண்டிருந்த ஆய்வே வீட்டில் நோயாளிகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொள்பவர்களைப் பற்றியது! கண்ணெதிரே நடக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே 'வேலை இல்லை' என்று பதிந்துவிட்டு வந்திருக்கிறேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

இந்தத் துறையில் நான் முதலில் வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்கும் ஆளாக இருந்தேன். அப்புறம் தரவைச் சுத்தம் செய்யும் மேசைக்கு வந்தேன், அதற்கப்புறம் அறிக்கை எழுதும் மேசைக்கு. ஆரம்பத்தில் என் மனதில் ஒரு ஏணி இருந்தது. எண்கள் உச்சியில், பதிவேடுகள் நடுவில், மனிதர்கள் சொல்லும் கதைகள் அடியில். நாலைந்து வருடம் களத்தில் சுற்றியபின் ஏணியைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன்: கதைகள்தான் உண்மை, எண்கள் வெறும் சக்கை. இரண்டுமே அசட்டுத்தனம் என்று இப்போது தோன்றுகிறது. எந்தத் தரவு உசத்தி என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இந்தத் தரவு எப்படி உண்டானது, யாருக்காக உண்டானது என்று கேட்டிருக்க வேண்டும்.

முதலில் சர்வே. அதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்பதால், 'எத்தனை பேர்' என்ற கேள்விக்கு அதை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது. ஆட்களைக் குலுக்கல் முறையில் சரியாகத் தேர்ந்தெடுத்தால் 1,000 பேரே போதும்; மக்களில் எத்தனை விழுக்காடு என்பதைச் சுமார் 3 விழுக்காட்டுப் புள்ளி முன்னே பின்னே சொல்லிவிடலாம். மக்கள்தொகை பத்து லட்சமா பத்துக் கோடியா என்பதால் அந்தத் துல்லியம் பெரிதாக மாறுவதில்லை. இதை நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு கூட்டம் விடாமல் "இத்தனை பேர்கிட்ட மட்டும் கேட்டா எப்படி?" என்று யாராவது எழுந்து கேட்பார்கள். கேட்க வேண்டியது எத்தனை பேர் என்பதை அல்ல, எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள் என்பதை.

சர்வேயின் பலவீனம் பதினான்காவது கேள்வியில் இருக்கிறது. எழுதியவர் மனதில் இருக்கும் 'வேலை'யும் கேட்பவர் காதில் விழும் 'வேலை'யும் வேறு வேறு. 2013இல் கூடிய 19ஆவது சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு வேலைக்குப் பரந்த வரையறை கொடுத்தது. பிறர் பயன்பாட்டுக்கோ தன் பயன்பாட்டுக்கோ பொருளை உண்டாக்குவதும் சேவை செய்வதும் வேலை; சம்பளத்துக்கோ லாபத்துக்கோ செய்வது அதில் ஒரு பகுதி மட்டுமே. அந்தக் கணக்கில் மாமியாரைப் புரட்டிப் படுக்க வைப்பது சந்தேகமில்லாமல் வேலை. ஆனால் மாநாட்டின் வரையறை எங்கள் வினாப்பட்டியலுக்கே வந்து சேரவில்லை, அந்த அம்மாவுக்கு எங்கிருந்து வரும்?

சரி, கேள்வியை மாற்றுவோம் என்று "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இவரைக் கவனிக்கச் செலவாகிறது?" என்று வைத்தோம். இங்கேதான் என் தொழில்வாழ்க்கையின் பெரிய தப்பைச் செய்தேன்.

பதில்கள் 2, 3, 5, 10 என்று முழு எண்களில் குவிந்து கிடந்தன. அது எதிர்பார்த்ததுதான், மனிதர்கள் தங்கள் நாளை மணிக்கணக்கில் எண்ணி வைத்துக்கொள்வதில்லை, கேட்டால் உருண்டையான எண்ணாகப் பார்த்துச் சொல்வார்கள். நடுநடுவே சில இடங்களில் 24 என்று வந்திருந்தது. எக்செல்லில் அந்த நெடுவரிசையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. 24 மணி நேரமும் கவனித்தால் தூங்குவது எப்போது? பதிவு செய்தவரின் கைத்தவறு, இல்லை பதில் சொன்னவரின் மிகைப்பேச்சு என்று முடிவு செய்தேன். 18க்கு மேல் வந்த எல்லாவற்றையும் 'தகவல் இல்லை' என்று மாற்றினேன். ஒரே ஒரு ஃபில்டர், ஒரே ஒரு கிளிக். தரவு சுத்தமாகிவிட்டது, சராசரியும் நம்பும்படியாக இறங்கிவிட்டது.

சில மாதம் கழித்து, வேறு காரணத்துக்காக அந்த வீடுகளில் ஒன்றுக்கு மறுபடியும் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு பாய். கட்டில் காலிலிருந்து பாய்க்கு ஒரு கயிறு. ராத்திரி அப்பா எழுந்திருக்கப் பார்த்தால் கயிறு இழுபட்டு மகனுக்கு விழிப்பு வருமாம். "தூங்குவேன், ஆனா ஒரு காது அங்கதான் இருக்கும்" என்றார் அவர். 24 என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். அவர் மிகையாகச் சொல்லவில்லை. மணி நேரம் என்று நான் கேட்டதை, பொறுப்பில் இருக்கும் நேரம் என்று எடுத்துக்கொண்டு சரியான பதிலைச் சொல்லியிருக்கிறார். சுத்தம் செய்கிறேன் என்று நான் தூக்கி எறிந்தது, ஆய்வுக்கு மிகவும் தேவைப்பட்ட, சுமை அதிகமாக உள்ள ஆட்களைத்தான்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கங்கள் வந்தன. மூலக் கோப்பில் கை வைப்பதில்லை. எந்த மாற்றமும் தனி நெடுவரிசையில், பக்கத்தில் காரணம் எழுதி. இரண்டாவது, நம்ப முடியாத எண்ணைப் பார்த்தால் அழிப்பதற்கு முன் அந்த வினாப்பட்டியல் முழுவதையும் ஒரு முறை படிப்பது. மற்ற பதில்கள் கிறுக்குத்தனமாக இருந்தால் கைத்தவறு. மற்றவை ஒன்றோடொன்று பொருந்தினால், கிறுக்குத்தனம் என் கேள்வியில்.

அடுத்து நேரக் குறிப்பேடு. ஒரு முழு நாளைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொல்வது. 1960களில் அலெக்சாண்டர் சலாய் என்ற ஹங்கேரியச் சமூகவியலாளர் 12 நாடுகளில் இதைப் பெரிய அளவில் ஒருங்கிணைத்தார். இன்றும் பல நாடுகளின் நேரப் பயன்பாட்டு ஆய்வுகளின் அடிப்படை இதுதான். உலகில் சம்பளமில்லாத பராமரிப்பு வேலை ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் சொன்னதே, அது 64 நாடுகளின் இத்தகைய ஆய்வுகளிலிருந்து கூட்டிய கணக்கு. "சும்மா இருக்கேன்" என்ற பதில்களைக் கூட்டியிருந்தால் பூஜ்யம்தான் வந்திருக்கும்.

'சும்மாதான் இருக்கேன்' என்ற அந்த அம்மாவிடமும் குறிப்பேட்டைக் கொடுத்தோம். அரை மணி நேரத்துக்கு ஒரு வரி. முதல் பக்கத்தில் காலை 4.30க்கு 'எழுந்தேன், அத்தையைத் திருப்பிப் படுக்க வச்சேன்' என்று தொடங்கியது. 5.00க்கு 'துணி மாத்தினேன்'. 5.30க்கும் 'துணி மாத்தினேன்' என்றே இருந்தது. மறுபடியும் எழுதிவிட்டாரோ என்று கேட்டால், "ரெண்டு தடவை மாத்தினேம்மா" என்றார். பிற்பகலில் இரண்டு மணி நேரம் 'டிவி பார்த்தேன்'. அதை ஓய்வு என்று குறியீடு போட்டுவிடலாம். ஆனால் 'கூடவே வேறு என்ன' என்று பக்கத்தில் ஒரு கட்டம் வைத்திருந்தோம். அதில் ஒரே சொல்: 'காவல்'.

அந்தக் கட்டம் இல்லாத குறிப்பேடு பராமரிப்பைக் குறைத்துத்தான் காட்டும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடக்கும் வாழ்க்கையை ஒரு வரியில் ஒரு வேலை என்று எழுதச் சொன்னால், சத்தமில்லாத வேலைதான் விடுபடும். இந்த முறையின் இன்னொரு சிக்கல், மிகவும் பரபரப்பாக இருப்பவருக்குக் குறிப்பேடு எழுத நேரமிருக்காது. நிரப்பாமல் திரும்பி வந்தவற்றில் சுமை அதிகமுள்ள வீடுகள் நிறைய இருக்கும் என்ற சந்தேகத்தோடுதான் எப்போதும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அப்புறம், ஒரு நாள் குறிப்பேடு குழுவின் சராசரிக்குச் சரி, ஒரு தனி ஆளைப் பற்றிப் பேசப் போதாது. அன்றைக்குத் தங்கை வந்து ஒத்தாசை செய்திருக்கலாம். அந்த நாளின் பூஜ்யம், அவர் எப்போதும் செய்வதில்லை என்று பொருள்படாது.

இத்தனைக்குப் பிறகும் 'சும்மா' என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. மணிக்கணக்கு கிடைத்துவிட்டது, ஆனால் இவ்வளவையும் செய்பவர் ஏன் சும்மா இருப்பதாகச் சொல்கிறார்? அதைக் குறிப்பேடு சொல்லாது. வினாப்பட்டியல் இல்லாமல், ரெக்கார்டரோடு மட்டும் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்ன பதிலை இன்றைக்கும் பயிற்சி வகுப்புகளில் சொல்கிறேன்: "வேலைன்னா லீவு உண்டுல்ல? இதுக்கு ஏது லீவு?"

வேலைக்கான அவருடைய வரையறையில் சம்பளம் வரவேயில்லை, விடுப்பு வந்தது. எங்கள் குழுவில் யாருக்கும் தோன்றாத கோணம். அடுத்த சுற்று வினாப்பட்டியலில் 'கடைசியாக ஒரு முழு நாள் இந்தப் பொறுப்பிலிருந்து விலகி இருந்தது எப்போது?' என்ற கேள்வி அப்படித்தான் வந்தது. அந்த ஆய்வில் சுமை அதிகமுள்ளவர்களை உருப்படியாகப் பிரித்துக் காட்டிய கேள்வி அதுதான் என்பேன். நேர்காணலின் பலம் இது. நாம் கேட்கத் தெரியாத கேள்வியை அது கொண்டுவந்து தரும்.

ஆனால் நேர்காணலுக்கும் மயங்கிவிடக் கூடாது. எங்கள் முதல் அறிக்கையில் ஒரே பெண்மணியின் மேற்கோள் நான்கு இடங்களில் வந்திருந்தது. நன்றாகப் பேசுவார், ஒவ்வொரு வாக்கியமும் தலைப்பு வைக்கலாம் போல இருக்கும். இரண்டிரண்டு சொல்லில் பதில் சொன்னவர்கள் அறிக்கையில் எங்குமே இல்லை. மேற்கோளுக்காகத் தேடும்போது வாயாடிகள்தான் கிடைப்பார்கள். இப்போது ஒரு தாளில் யாருடைய குரல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அறிக்கையை அனுப்புகிறேன்.

பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதும் முக்கியம். மாமியார் கேட்கும் தூரத்தில் இருக்கும்போது "நல்லாத்தான் போகுது" என்ற அதே அம்மா, ரெக்கார்டரை அணைத்துவிட்டு வாசல் வரை வந்தபோது பதினைந்து நிமிடம் வேறு கதை சொன்னார். அதை எழுதலாமா? நின்று, "இப்ப சொன்னதையும் எழுதிக்கவா?" என்று கேட்டேன். பாதியை எழுதச் சொன்னார், பாதியை வேண்டாம் என்றார். வேண்டாம் என்ற பாதிதான் சுவாரசியமானது. அது இன்றுவரை எந்த அறிக்கையிலும் இல்லை, இங்கேயும் வராது.

சொல்வதும் செய்வதும் வேறு என்று காட்ட 1934இல் வெளியான, அமெரிக்கச் சமூகவியலாளர் லாபியரின் ஆய்வை எல்லோரும் எடுத்துப் போடுவார்கள். அங்கே சீனர்கள் மீது வெறுப்பு பரவலாக இருந்த காலம். ஓர் இளம் சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுதும் பயணம் செய்து 251 விடுதி, உணவகங்களுக்குப் போனார். ஒரே இடத்தில்தான் மறுத்தார்கள். பிறகு கடிதம் எழுதிச் சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டபோது, பதில் போட்டவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மாட்டோம் என்றார்கள். பார்த்தது பொய் சொல்லாது என்று இதை வைத்து முழங்குவார்கள். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. வாசலில் வரவேற்றவரும் கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் ஒரே ஆள்தானா? நேரில் பார்ப்பதும் சுத்தத் தங்கம் அல்ல. நான் போய் உட்கார்ந்த முதல் நாள் எல்லா வீட்டிலும் விரிப்பு புதிது.

பதிவேடுகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே வாங்கிய அடி பெரிது. வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துப் போகும் பணியாளர்களின் வருகைப் பதிவேடு ஓர் அலுவலகத்திலிருந்து எங்களுக்குக் கிடைத்தது. பல வருடத் தரவு, எல்லா வீடும், நினைவை நம்பத் தேவையில்லை, செலவும் இல்லை. கொண்டாட்டமாக இருந்தது. வருகை எண்ணிக்கையை வரைபடமாகப் போட்டால் ஒரு வருடத்தில் செங்குத்தாக ஏறியிருந்தது. ஏன் ஏறியது என்று விளக்கி இரண்டு பக்கம் எழுதினேன். விழிப்புணர்வு, நிதி, மக்கள்தொகை என்று நல்ல நல்ல காரணங்கள். அங்கே வெகுகாலமாக இருந்த ஓர் எழுத்தர் அதைப் படித்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்: "அந்த வருஷம் ஃபார்ம் மாறிச்சும்மா. அதுக்கு முன்னாடி போன் பண்ணி விசாரிச்சதை வருகைல சேர்க்க மாட்டோம்."

பதிவேடு மக்களின் வாழ்க்கையைப் பதிவதில்லை, அலுவலகத்தின் வேலையைப் பதிகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் அது அருமையான தரவு. எமில் துர்கைம் 1897இல் அரசுப் புள்ளிவிவரங்களை வைத்துத் தற்கொலை பற்றி எழுதிய ஆய்வு சமூகவியலின் தூண்களில் ஒன்று. 1967இல் ஜாக் டக்ளஸ் என்ற சமூகவியலாளர் கேட்ட கேள்வி அந்தத் தூணையே அசைத்தது: ஒரு மரணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று முடிவு செய்யும் அதிகாரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் முடிவு செய்கிறாரா? எந்தப் பதிவேடு கைக்கு வந்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது காலி ஃபார்ம். எல்லா வருடத்துக் காலி ஃபார்மும். அதை நிரப்பியவரோடு அரை மணி நேரப் பேச்சும். நிரப்பாவிட்டால் அவரை யார் கேட்பார்கள், நிரப்பினால் யார் சரிபார்ப்பார்கள் என்று தெரிந்தால், எந்த நெடுவரிசையை நம்பலாம் என்பது தானாகத் தெரியும்.

பகுதிவாரிச் சராசரிகளை வைத்துக்கொண்டு தனி மனிதர்களைப் பற்றிப் பேசும் ஆசையும் பதிவேட்டோடு கூடவே வரும். 1950இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர் இதற்குக் கடிவாளம் போட்டார். 1930 அமெரிக்கக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. ஆனால் தனி ஆட்களாக எடுத்துப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். அவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இணையத் தடங்களைப் பற்றி எனக்குச் சொல்லக் குறைவாகவே இருக்கிறது. அள்ள அள்ளக் கிடைக்கும், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம், நடு ராத்திரி இரண்டு மணிக்கு மனிதர்கள் என்ன தேடுகிறார்கள் என்று எந்தச் சர்வேயும் சொல்லாததைச் சொல்லும். ஆனால் மக்கள் தேடுவதை வைத்துக் கூகுள் 2008இல் தொடங்கிய ஃப்ளூ காய்ச்சல் கணிப்பு, 2012–13 பருவத்தில் உண்மையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு காட்டி, 2015இல் வெளியீட்டையே நிறுத்தியது. தேடுபவர் எல்லாம் நோயாளி அல்ல. தேடும் விதத்தையே அந்தத் தளம் மாற்றிக்கொண்டும் இருக்கும். பாயில் படுத்துக் கயிற்றைப் பிடித்திருப்பவர் இதைப் பற்றி எங்கேயாவது பதிவு போட்டிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

தொடர் ஆய்வு, அதாவது அதே ஆட்களை வருடா வருடம் பார்ப்பது, மாற்றத்தைக் காட்டுவதில் எதற்கும் ஈடில்லாதது. ஆனால் எங்கள் துறையில் விலகிப் போகிறவர்கள் சும்மா விலகுவதில்லை. கவனிக்கப்பட்டவர் இறந்திருப்பார், அல்லது கவனிப்பவரே படுத்திருப்பார். மிச்சமிருப்பவர்களைப் பார்த்து நிலைமை தேறிவிட்டது என்று எழுதிவிடுவது மிகச் சுலபம்.

இத்தனை விதத் தரவும் ஒரே ஆய்வில் ஒன்று சேர்ந்தபோது அவை ஒத்துப்போகவில்லை. சர்வேயில் அந்த அம்மாவுக்கு வேலை இல்லை. குறிப்பேட்டில் விடியலுக்கு முன்னிருந்து வேலை. பதிவேட்டில் பணியாளர் தவறாமல் வந்திருக்கிறார். நேர்காணலில் "போன்ல கேப்பாங்க, வந்து நாளாச்சு". முன்பு என்றால் இதில் எது பொய் என்று தேடி ஒன்றை ஓரம் கட்டியிருப்பேன். இந்த முறை நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கெங்கே முட்டிக்கொள்கிறது என்று ஒரு தனிக் கோப்பு எழுதினேன். போன் விசாரிப்பை வருகை என்று எண்ணியதால் எத்தனை வீடுகள் நேரில் பார்க்கப்படாமலே போகின்றன என்ற கேள்வி அந்தக் கோப்பிலிருந்துதான் கிளம்பியது. எங்கள் திட்டத்தில் அப்படி ஒரு கேள்வியே இருந்ததில்லை.

பதினான்காவது கேள்வி இப்போது இல்லை. "நேத்து காலைல எழுந்ததுல இருந்து என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்க" என்று தொடங்குகிறோம். மணிக்கணக்குக் கேள்வியில் 24க்குத் தனிக் குறியீடு கொடுத்து, 'இரவிலும் பொறுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறோம். போன மாதம் முன்னோட்டத்துக்குப் போன பெண் களத்திலிருந்து போன் செய்தாள்: "அக்கா, டேப்லெட்ல 24 போட்டா எடுக்க மாட்டேங்குது, தப்பான எண்ணுன்னு சிவப்பா வருது." யாரோ உச்ச வரம்பை 18 என்று வைத்திருக்கிறார்கள். யாரென்று தேடிப் பார்த்தேன். பழைய வார்ப்புருவில், மாற்றம் செய்தவர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருந்தது.